பேக்கரிப் பலகைக்குத் தடித்த எழுத்து

கேள்வி: பாலக்காடு–பொள்ளாச்சி சாலையில் பேக்கரி நடத்துகிறேன். பெயர்ப்பலகையில் மலையாளம் தடியாகவும் தமிழ் நோஞ்சானாகவும் தெரிகிறது. இரண்டும் ஒரே கனத்தில் வர எந்த எழுத்துருவைக் கேட்பது?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: 'பாலூ 2' என்று கேளுங்கள். மும்பையின் ஏக் டைப் குழுவினர் வடிவமைத்தது, இலவசம். தமிழுக்குப் பாலூ தம்பி, மலையாளத்துக்குப் பாலூ சேட்டன். (ஆந்திர எல்லைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், தெலுங்குக்குப் பாலூ தம்முடுவும் உண்டு.) முனை மழுங்கிய, கொழுகொழுப்பான எழுத்து. பன்னுக்கும் பஃப்ஸுக்கும் பொருந்தும். வக்கீல் அலுவலகத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

தடிமன் கூடக் கூட எழுத்தின் உள்வெளி, அதாவது எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம், சுருங்கும். 1965இல் வெளிவந்த ஜெஃப்ரி லீ வடிவமைத்த 'இம்பாக்ட்' என்ற ஆங்கில எழுத்துருவைப் பாருங்கள்: உள்வெளி ஒடுங்கி, எழுத்துகள் தோளோடு தோள் இடித்து நிற்கும். ஆங்கிலம் அதைத் தாங்குகிறது. தமிழில் 'ட', 'ப' தாங்கும். 'ண', 'இ', 'ஞ' தாங்காது, சுழி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் தடித்த தமிழ் எழுத்துக்குக் கொஞ்சம் அகலம் கொடுத்தே ஆக வேண்டும்.

ஃபிளெக்ஸ் கடையில் மெல்லிய எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தடிமனாக்கித் தருவார்கள். கூடாது, 'பண்ணை' என்பது மூன்று கறுப்புத் திட்டாகிவிடும். பக்கவாட்டில் இழுக்கவும் விடாதீர்கள். கடைப்பெயருக்கு மட்டும் மிகத் தடித்த வகை. முகவரிக்கும் கேக் பட்டியலுக்கும் அதே குடும்பத்தின் மெலிந்த வகை போதும்.