அம்மாவிடம் ஏன் பொய் சொன்னீர்கள்?

கேள்வி: தைவானில், சிஞ்சு நகரத்தில் ஒரு சிப் தொழிற்சாலையில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். போன வாரம் எனக்கு 28 வயது முடிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து மேசைப் பெண்மணி சில நாள் முன்பு ‘உன் பிறந்தநாள் எப்போது?’ என்று கேட்டார்; பேச்சை மாற்றிவிட்டேன். அன்று இரவு கடையில் வாங்கிய சோற்றுப் பெட்டியை அறையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவிடம் ‘ஆபீஸில் கேக் வெட்டினோம்’ என்றேன். மொழி தெரியாத ஊரில், ஒட்டாத மனிதர்களோடு கொண்டாட என்ன இருக்கிறது? மாதக் கடைசியில் நட்சத்திரப் பிறந்தநாள் வருகிறது, கோயிலுக்குப் போ என்கிறார் அம்மா. இங்கே நான் எந்தக் கோயிலுக்குப் போவது?
— பெயர் வேண்டாம், சிஞ்சு

பதில்: ‘ஒட்டாத மனிதர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிறந்தநாளை விசாரித்தவர் அவர்களில் ஒருவர். பேச்சை மாற்றியவர் நீங்கள். தம்பி, இதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

கூச்சம் எனக்குப் புரிகிறது. ஊரில் நள்ளிரவு பன்னிரண்டுக்கு நண்பர்கள் போன் செய்தால் உங்களுக்கு அது விடிகாலை இரண்டரை. காலையில் ஷிப்டு. வாழ்த்தெல்லாம் திரையில் வந்து திரையிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால், கொண்டாட அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்கிறீர்களே, அதை நான் ஒப்ப மாட்டேன். இரண்டு வருடமாக அந்த மண்ணில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

தைவானில் பிறந்தநாள்காரரை ‘ஷோ ஷிங்’ என்பார்கள். நீண்ட ஆயுளுக்கான தெய்வத்தின் பெயர் அது. புடைத்த நெற்றியும் கையில் பீச் பழமுமாக நிற்கும் கிழவனார். இருபத்தெட்டு வயதுப் பையனுக்கும் அன்றைக்கு அந்தப் பெயர்தான். சாப்பிடத் தருவது ‘மியன் ஷியன்’ என்ற நூல்போன்ற சேமியா. நீளம்தான் ஆயுள் என்பதால் அதை வெட்டக் கூடாது. வழக்கமாகப் பன்றிக்கால் குழம்போடு தருவார்கள். நீங்கள் சைவம் என்றால் ‘வோ ச்சீ சூ’ என்று சொன்னால் போதும். பௌத்தர்கள் நிறைந்த ஊர், சைவச் சாப்பாட்டுக் கடைக்குப் பஞ்சமே இல்லை. கேக்கும் உண்டு. மெழுகுவத்தியை அணைக்கும் முன் மூன்று வேண்டுதல்: இரண்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மூன்றாவதை மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு அழகான வழக்கத்துக்கு மொழி எவ்வளவு தேவைப்படும் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். நட்சத்திரப் பிறந்தநாள் என்றால் அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அங்கேயும் பெரியவர்கள் பலர் சந்திரக் கணக்குப்படிதான் பிறந்தநாள் பார்க்கிறார்கள். நம்முடைய பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டு என்றால், அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று இருக்கிறது. அவர்களுடைய இப்போதைய சுற்று 1984இல் தொடங்கியது, நம்முடையது 1987இல். அறுபது நிறைந்தால் நாமும் விழா எடுக்கிறோம், அவர்களும் எடுக்கிறார்கள். பக்கத்து மேசை அம்மாவிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள், மதிய இடைவேளை போவதே தெரியாது.

சரி, போன வாரம் விட்டதை இப்போது பிடிக்க முடியுமா? பிறந்தநாளை முன்கூட்டிக் கொண்டாடலாம், தள்ளிப்போடக் கூடாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஆகவே போன வாரத்துக்காக இப்போது கேக் வெட்டாதீர்கள். நட்சத்திரப் பிறந்தநாள் இன்னும் வரவில்லை அல்லவா? அதைக் கொண்டாடுங்கள். சர்க்கரைப் பொங்கல் செய்து ஆபீஸுக்கு எடுத்துப் போங்கள்.

செய்ய முடியும். தாய்ச்சுங் நகரில் வேலை பார்த்த என் நண்பர் ஒருவர், அறையில் இருந்த தாதுங் மின்பானையிலேயே செய்தார். 1960இலிருந்து அந்த ஊர் வீடுகளில் இருக்கும் பானை அது. வெளிப்பானையில் தண்ணீர், உள்பானையில் வறுத்த பாசிப்பருப்பும் அரிசியும். தண்ணீர் வற்றியதும் பொத்தான் ‘டக்’கென்று மேலே எழும்பும். குழையவில்லை என்றால் வெளியே இன்னொரு கப் தண்ணீர் விட்டு மறுபடி அழுத்த வேண்டியதுதான். தோல் நீக்கிய பாசிப்பருப்பு அங்கே மளிகைக் கடையிலேயே கிடைக்கும். வெல்லத்துக்குப் பதில் கருப்புச் சர்க்கரை. இனிப்பை மட்டும் பாதியாகக் குறையுங்கள், ஏனென்றால் ‘ரொம்பத் தித்திப்பாக இல்லை’ என்பதுதான் அங்கே ஒரு பலகாரத்துக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு. நண்பருக்கு அது கிடைத்தது. அடுத்த மாதம் கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் பிறந்தநாளுக்கு இவரையும் அழைத்தார்கள்.

அப்படி அழைப்பு வரும்போது நம் ஊர்ப் பழக்கத்தில் கை தவறிவிடக் கூடாது. நாம் 101, 501 என்று ஒற்றைப்படையில் மொய் வைப்போம். அங்கே ஒற்றைப்படைப் பணமும் வெள்ளைக் கவரும் சாவு வீட்டுக்கு உரியவை. சிவப்புக் கவரில் இரட்டைப்படையாக வையுங்கள், அதிலும் நான்கு வேண்டாம். சுவர்க்கடிகாரம் பரிசளிக்கவே கூடாது. ‘கடிகாரம் கொடுப்பது’ என்ற சொல் அவர்கள் காதில் ‘கடைசிக் காரியம் செய்வது’ என்றும் விழும்.

கோயிலுக்கு எங்கே போவது என்று கேட்டீர்கள். சிஞ்சு ஊருக்கு நடுவிலேயே, 1748இல் கட்டிய நகரக் காவல் தெய்வத்தின் கோயில் இருக்கிறது. சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள், உள்ளே ஊதுபத்திப் புகை. இரண்டு வருடமாக உங்களையும் சேர்த்துத்தான் அந்தச் சாமி காவல் காக்கிறது. அம்மாவுக்காக அங்கே ஒரு பத்தி ஏற்றி வாருங்கள்.

பொங்கலுக்கு அளவு என்னைக் கேட்காதீர்கள். அதை உங்கள் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு இரவு ஒன்பது என்றால் அவருக்கு மாலை ஆறரை, விளக்கேற்றி முடித்திருப்பார். போன் போட்டு, ஒரு ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு பருப்பு என்று கேளுங்கள். போன வாரம் கேக் வெட்டவில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.