பழைய பி.எஃப். பணத்தை எடுக்கலாமா, மாற்றலாமா?

வணக்கம் சகோதரி. மார்த்தாண்டத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, சென்ற மாதம் நாகர்கோவிலில் புதிய நிறுவனத்தில் சேர்ந்திருப்பதாகவும், பழைய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) தொகையை எடுத்து வீட்டுக்கூரையைச் சரிசெய்ய நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

தயவுசெய்து அவசரப்பட்டுக் கணக்கை முடித்துவிடாதீர்கள். தொகையைப் புதிய கணக்குக்கு மாற்றினால் முந்தைய நான்கு ஆண்டுகளும் பணிக்காலத்தோடு சேரும். 5 ஆண்டுகள் நிறைவதற்குள் எடுத்தாலோ அது வரிக்கு உட்படும் என்பதோடு, 50,000 ரூபாயை எட்டினால் பான் எண் இருந்தும் 10 சதவீதம் பிடித்தம் செய்வார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஓய்வூதியம்தான்: 58 வயதில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணி வேண்டும், ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த நான்கு ஆண்டுகள் கணக்கிலிருந்தே போய்விடும்.

நிறுவனம் மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணான யு.ஏ.என். ஒன்றாகவே இருக்கட்டும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து பி.எஃப். இணையதளத்தில் நீங்களே பதியலாம். நம் மாவட்டத்தில் பலருக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் பி.எஃப். கணக்கில் வெறும் இனிஷியலாகவும் இருக்கும். என் விண்ணப்பமும் அதனால்தான் திரும்பி வந்தது, ஆகவே பெயரை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். கூரைச் செலவுக்கு, மாற்றிய பிறகு முன்பணம் கேட்க வழியுண்டு.