வளவு அணிலுக்கு எத்தனை வரி?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் எங்கள் வளவுக்கு வரும் அணிலின் முதுகில் ஐந்து கோடுகள் தெரிகின்றன. யூடியூப்பில் காட்டும் ஐந்துவரி அணிலா இது? இரத்தினபுரிக்குப் போன தம்பி, செம்மஞ்சள் கோடு உள்ள கருத்த அணில் ஒன்றைப் படமெடுத்து வந்தான். அதுவும் இதே இனம்தானா?

பதில்: உங்கள் வளவில் இருப்பது மூன்றுவரி அணில்தான். கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணினால் ஐந்தும் வரும், ஏழும் வரும். வெளிர்கோட்டை மட்டும் எண்ணுங்கள். நடுக்கோடு தலைப்பக்கமிருந்து வால்வரை ஓடும். அதன் இருபுறமும் உள்ளவை முன்னங்காலில் தொடங்கிப் பின்னங்காலோடு நின்றுவிடும். ஐந்துவரி அணிலுக்கு இவற்றுக்குக் கீழே, விலாப்பக்கம் இன்னும் இரண்டு மங்கலான கோடுகள் உண்டு.

பக்கவாட்டில் எடுத்த படம்தான் ஆளை ஏமாற்றும். வெள்ளை வயிற்றின் விளிம்பு இன்னொரு கோடு மாதிரித் தெரியும். அணில் தென்னையில் தலைகீழாக இறங்கி வந்து, பாதி வழியில் மரத்தோடு ஒட்டிப் படுத்து உங்களைப் பார்க்கும் பாருங்கள், அந்த நேரம் எடுங்கள். முதுகு முழுவதும் விழும். கிட்டப் போனீர்களோ, அணிலை ஏறவிட்ட நாய் கதைதான்.

உண்மையில் கோட்டை எண்ணுவதற்கு முன்பே இடம் பதில் சொல்லிவிடுகிறது. ஐந்துவரி அணில் வட இந்தியா, பாகிஸ்தான் பக்கத்தது. இலங்கைக் காடுகளில் அது இல்லை. இராமர் மூன்று விரலால் தடவிய கதையும் நம் அணிலுக்குத்தான் சரிவரும். வடக்கே அந்தக் கதையைச் சொல்பவர்கள் கணக்கை எப்படிச் சமாளிக்கிறார்களோ!

தம்பி எடுத்த படம் வேறு சங்கதி. அது லேயார்டு அணிலாக இருக்க வேண்டும். ஈரவலயக் காட்டில் வாழ்வது. முதுகு கருத்திருக்கும், நடுக்கோடு மட்டும் நெருப்புத் துண்டு போல அகலமாக, செம்மஞ்சளாக ஓடும். பக்கக் கோடுகள் குட்டையாக, மங்கலாக இருப்பதால் பலருக்கு ஒரே கோடுதான் கண்ணில் படும். சிங்கராஜவில் இது பறவைக் கூட்டத்தோடு சேர்ந்து இரை தேடித் திரிவதும் உண்டு.

ஈரக்காட்டிலும் மலைநாட்டிலும் இன்னொன்று இருக்கிறது, மங்கல்வரி அணில். இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளதும் இதுவும் ஒன்றென்றுதான் முன்பு சொன்னார்கள். 2012இல் தனி இனமாகப் பிரித்தார்கள். நம் வரியணில்களில் இதுதான் மிகச் சிறியது. கோடுகளும் எடுப்பாக இருக்காது. தம்பி கண்டிருந்தாலும் குட்டி அணில் என்று நினைத்துப் படமெடுக்காமல் வந்திருப்பார்.