போட்டியே இல்லாத மாதங்களில் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் எதைத்தான் பின்தொடர்கிறார்கள்? எந்தச் செய்தியை நம்பலாம்?

"அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசனே நாலைந்து மாதம்தான். மீதி மாதங்களிலும் என் அலுவலக நண்பர்கள் ரெக்ரூட்டிங், போர்ட்டல் என்று ஏதேதோ பேசிக்கொண்டே இருக்கிறார்களே, அதில் என்ன சுவாரசியம்? புதிதாகப் பார்ப்பவன் எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டெட்ராய்ட் பக்கம் கேண்டனில் இருக்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் இங்கிருந்து அரை மணி நேரத்துக்குள்தான். அங்கே நான் படித்ததில்லை. இந்த ஊரில் வேலை பார்ப்பவர்களுக்குத் தானாகவே ஒட்டிக்கொள்ளும் வியாதி இது. அதனால் பதில் முழுக்க மிச்சிகன் அணியை வைத்துத்தான் வரும். எங்கள் பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் அணியின் ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஏன் என்பது. ரெக்ரூட்டிங் என்றால் பள்ளி வீரர்களைக் கல்லூரி அணிக்குச் சேர்ப்பது. ஐ.பி.எல். ஏலத்தில் எந்த அணிக்கு ஆடுவது என்பது வீரர் கையில் இல்லை. யார் அதிகம் கேட்கிறார்களோ அங்கே போக வேண்டியதுதான். கல்லூரி ஃபுட்பாலில் எல்லாம் தலைகீழ். பதினாறு, பதினேழு வயதுப் பையன்தான் தேர்ந்தெடுப்பவன். கோடிகளில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள் அவன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அவனுடைய அம்மாவிடம் நல்ல பேர் வாங்கப் பாடுபடுகிறார்கள். மிகைப்படுத்தவில்லை. 2016 ஜனவரியில் அப்போதைய மிச்சிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, குவின் நார்டின் என்ற கிக்கரின் வீட்டில் ஒரு இரவு தங்கியே விட்டார். வீரர்களை நேரில் சந்திக்க அனுமதிக்கும் காலம் நள்ளிரவில் தொடங்குகிறது என்பதால் அந்த நேரத்துக்கே போய்க் கதவைத் தட்டினார். கோல்போஸ்ட்டுக்குள் பந்தை உதைக்கும் ஒரு ஆளுக்காக! பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்த அந்தப் பையன் கடைசியில் மிச்சிகனில்தான் சேர்ந்தார்.

இதோடு இன்னொன்று. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் மூன்று, நான்கு ஆண்டுகளில் போய்விடுவார். ஆக, அணியை ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கட்ட வேண்டும். 1,07,601 பேர் உட்காரக்கூடிய ஸ்டேடியத்தில் அடுத்த வருஷம் யார் பந்தை வீசப் போகிறார் என்பது பிப்ரவரியில் நியாயமான கவலைதான்.

பிரைஸ் அண்டர்வுட் விஷயத்தைச் சொன்னால் முழுப் படமும் புரியும். எங்களுக்குப் பக்கத்து ஊரான பெல்வில்லின் உயர்நிலைப் பள்ளியில் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவராக, ஆடியவர். 2025-ல் கல்லூரிக்கு வரும் வீரர்களில் நாட்டிலேயே முதலிடம் என்று தரப்படுத்தப்பட்டவர். ஆன் ஆர்பர் அவர் வீட்டுக்கு எட்டும் தூரம். ஆனாலும் 2024 ஜனவரியில், ஆயிரம் மைலுக்கு அப்பால் லூயிசியானாவில் இருக்கும் எல்.எஸ்.யு. பல்கலைக்கழகத்துக்கு கமிட் ஆகிவிட்டார், அதாவது அங்கே சேர்வதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் முழுக்க எங்களுக்கு அதே பேச்சு. மளிகைக் கடையில் பார்த்தாலும் அதுதான், பிறந்தநாள் விருந்தில் பார்த்தாலும் அதுதான். நவம்பர் நடுவில் மிச்சிகன் அணி 5 வெற்றி, 5 தோல்வி என்று நின்றது. தேசிய சாம்பியன் பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட நிலையில், நவம்பர் 21-ஆம் தேதி அண்டர்வுட் மிச்சிகனுக்கு மாறுகிறார் என்று அறிவிப்பு வந்தது. கோடிக்கணக்கான டாலர் பேரம் என்று செய்திகள் வந்தன. ஆரக்கிள் நிறுவனர் லாரி எல்லிசனின் பெயரும் அடிபட்டது. அவருடைய மனைவி மிச்சிகனில் படித்தவர். அணி தோற்றுக்கொண்டிருந்த அந்த சீசனில் என் வாட்ஸ்அப் குழு எந்தப் போட்டிக்கும் அந்த அளவுக்குக் கொண்டாடவில்லை. (ஒன்பது நாள் கழித்து ஒஹாயோ ஸ்டேட்டை அவர்கள் மைதானத்திலேயே 13-10 என்று வென்றதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) அடுத்த சீசனின் முதல் போட்டியிலேயே அண்டர்வுட் தொடக்க குவார்ட்டர்பேக்.

இதிலிருந்து புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியது: கமிட் என்பது வெறும் வாய்வார்த்தை. வெற்றிலை பாக்கு மாற்றியபிறகும் கல்யாணம் நிற்பதில்லையா, அதுபோல. கல்லூரியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை எதுவும் உறுதி இல்லை. அந்தக் கையெழுத்து நாள் முன்பு பிப்ரவரி முதல் புதன்கிழமை. 2017-லிருந்து டிசம்பரிலும் ஒரு வாய்ப்பு வந்தது. இப்போது பெரும்பாலான பையன்கள் டிசம்பரிலேயே போட்டுவிடுகிறார்கள். கையெழுத்து ஆகும்வரை பயிற்சியாளர் அந்தப் பையனைப் பற்றிப் பொதுவெளியில் வாய் திறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால்தான் திடீரென்று ஒரு பயிற்சியாளர் எக்ஸ் தளத்தில் பெயரே சொல்லாமல் "கோ ப்ளூ!" என்று மிச்சிகன் முழக்கத்தை மட்டும் போட்டால், யாரோ வந்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் துப்பறியத் தொடங்குகிறார்கள்.

சரி, யாரை நம்புவது? 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என். போன்ற தளங்கள் எல்லாம் ஆட்டக்காரர்களுக்கு நட்சத்திரம் போடுகின்றன. ஐந்து நட்சத்திரம் நாடு முழுக்க ஏறத்தாழ முப்பது பேருக்குத்தான் கிடைக்கும். 247ஸ்போர்ட்ஸில் கிரிஸ்டல் பால் என்று ஒன்று உண்டு: எந்தப் பையன் எங்கே போவான் என்று நிருபர்கள் தங்கள் கணிப்பைப் பதிவு செய்வார்கள். அதில் ஒருவர் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரு தரப்பு அணிகளையும் பின்தொடரும் நிருபர்கள் ஒரே நாளில் ஒரே பக்கம் சாய்ந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்று தொடங்கும் பதிவுகளைக் கடந்து போய்விடுங்கள்.

நட்சத்திரங்கள் பொய் இல்லை. சாம்பியன் அணிகளை எடுத்துப் பார்த்தால் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் பெரும்பாலும் நிறையவே இருப்பார்கள். ஆனால் அது கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு. தனி ஆளுக்குப் பொருந்தாது. மைக் செயின்ரிஸ்டில் மூன்று நட்சத்திரத்தோடு 2019-ல் மிச்சிகனுக்கு வந்தவர், அதுவும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக. மூன்று வருஷம் கழித்துத் தடுப்பாட்டத்துக்கு மாற்றினார்கள். 2024 ஜனவரி 8-ஆம் தேதி ஹூஸ்டனில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் வாஷிங்டன் பல்கலைக்கழக அணியின் பந்தை இடைமறித்து 81 கஜம் ஓடி ஆட்டத்தை முடித்துவைத்தது அவர்தான். 34-13. அவர் சேர்ந்த நாளில் எங்கள் குழுவில் ஒருவர்கூட அதைச் செய்தியாக மதிக்கவில்லை.

என் கருத்தைக் கேட்டால், இப்போது ஆஃப்சீசனில் உண்மையான செய்தி யார் வருகிறார் என்பதல்ல, யார் போகாமல் இருக்கிறார் என்பதுதான். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. கல்லூரி மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டும் என்ற விதியை 2021-ல் தளர்த்தினார்கள். அதே ஆண்டு ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்றும் ஆயிற்று. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கின்றன. முதல் ஆண்டுக்கான வரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடி டாலர். இவ்வளவும் சேர்ந்தபோது, ஒவ்வொரு ஜனவரியும் உங்கள் அணியின் பாதிப் பேர் வெளியே போகக்கூடிய மாதமாகிவிட்டது.

பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் மிச்சிகன் ஆட்டக்காரர் ப்ளேக் கோரம் 2022 சீசனின் கடைசியில் முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்தார். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். போவார் என்று எல்லோரும் நினைத்தோம். 2023 ஜனவரியில் இன்னொரு வருஷம் இருக்கிறேன் என்றார். மற்ற வீரர்களையும் தக்கவைக்க "ஒன் மோர் இயர்" என்று ரசிகர்களிடமே நிதி திரட்டினார்கள். அந்த சீசனில் கோரம் ஓடியே 27 டச்டவுன், அணி 15-0. அந்த வருஷம் சேர்ந்த புதுப் பையன்களின் பட்டியலை இப்போது யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை; கோரம் தங்கிய செய்தி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. போகிறவர்கள் பட்டியலில் பயிற்சியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டம் வென்ற அதே மாதத்தில் ஹார்பா என்.எஃப்.எல்.லின் சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார். ஊர்வலத்தின் வண்ணக் காகிதத்தைப் பெருக்கி முடிப்பதற்குள் நாங்கள் கவலையில் விழுந்தோம்.

போர்ட்டலால் ஒரு இழப்பும் உண்டு, மறைப்பதற்கில்லை. முன்பு பதினாறு வயதில் பெயர் கேள்விப்பட்ட பையன் பெஞ்சில் உட்கார்ந்து, உடம்பு தேறி, மூன்றாம் வருஷம் களமிறங்குவதைப் பார்ப்பதில்தான் சுகம் இருந்தது. இப்போது இரண்டாம் வருஷமே அவர் வேறு நிறச் சட்டையில் எதிரே நிற்கிறார். அவருக்கு வாய்ப்பும் பணமும் கிடைக்கிறது என்றால் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனாலும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

ஏப்ரலில் பயிற்சி முடிவில் நடக்கும் ஸ்பிரிங் கேமுக்கு வெயில் அடித்தால் போய்விட்டு வாருங்கள், முடிவு எதுவும் எடுக்காதீர்கள். சொந்த அணியோடு சொந்த அணி ஆடினால் யாராவது ஒருவர் நன்றாகத்தான் தெரிவார். ஜூன் மாதம் வீரர்கள் கல்லூரிகளைச் சுற்றிப் பார்க்க வருவதால் கமிட்டுகள் குவியும். ஆகஸ்டில் எல்லா அணியிலும் எல்லோரும் பதினைந்து பவுண்டு தசை ஏற்றியிருப்பார்கள்; காயம் பற்றிய செய்தியைத் தவிர வேறு எதையும் படிக்க வேண்டாம்.

இன்னொன்று கட்டாயம். அந்தப் பையன்களுக்கு நேராகச் செய்தி அனுப்பாதீர்கள், பதிவுகளில் டேக் செய்யாதீர்கள். கமிட்டை மாற்றிய பதினேழு வயதுப் பிள்ளையைப் பெரிய ஆட்கள் கூடித் திட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அசிங்கமாக இருக்கும். ரசிகர்கள் விலகி நிற்கச் சொல்லிக் கல்லூரிகளே எச்சரிக்கின்றன.

தொடங்குவதற்கு நல்ல நேரம் டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி கடைசி வரை. கையெழுத்து, போர்ட்டல், பயிற்சியாளர் மாற்றம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். 2026-லிருந்து ஏப்ரலில் போர்ட்டல் திறப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தளங்களுக்குச் சந்தா கட்ட வேண்டுமா என்றால், முதல் வருஷம் வேண்டாம். ராத்திரி பணம் கட்டியவர்கள் படிப்பதை, மறுநாள் காபி நேரத்தில் உங்கள் அலுவலக நண்பர்களே இலவசமாகச் சொல்லிவிடுவார்கள்.