நூலகத் தட்டில் வேதநூல்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் டேவிஸ் பள்ளி மாவட்டம், 2023இல் தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி நூலகங்களிலிருந்து பைபிளை எடுத்துவிட்டு, சில வாரங்களில் திரும்ப வைத்ததைப் படித்தேன். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் எந்த மதத்தின் வேதநூலும் எதற்கு? வேண்டுமென்றால் அந்தந்த வழிபாட்டுத் தலத்தில் வாங்கிக்கொள்ளலாமே?

ர.

அன்புள்ள ர.,

வேதநூல் பள்ளி நூலகத்தில் இருப்பதில் தவறில்லை என்பதே என் பதில்.

டேவிஸ் விவகாரம் உங்கள் கேள்விக்கு உதவாது. ஆபாசமான புத்தகங்களைப் பள்ளிகளிலிருந்து நீக்க அந்த மாநிலம் 2022இல் சட்டம் போட்டது. அப்படியானால் பைபிளையும் எடுங்கள் என்று ஒரு பெற்றோர் குத்தலாக மனு கொடுக்க, அதையும் எடுத்துவிட்டார்கள். மதச்சார்பின்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் கேட்பது 1924இலேயே நீதிமன்றம் போன விஷயம். கலிபோர்னியாவின் செல்மாவில் ஓர் உயர்நிலைப்பள்ளி நூலகத்துக்கு 12 பைபிள் வாங்கத் தீர்மானித்தார்கள். எதிர்த்து வழக்கு. ஒரு நூலை நூலகத்துக்கு வாங்குவதாலேயே அதிலுள்ள கொள்கையைப் பள்ளி ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்றது மாநில உச்ச நீதிமன்றம். சரியான பேச்சு. ஆனால் 12 பிரதி எதற்கு என்று நான் கேட்டிருப்பேன்! இரண்டு போதும், மிச்சக் காசில் மற்ற மதங்களின் நூல்களை வாங்கலாம்.

இன்னொரு வழக்கு, 1953இல் நியூ ஜெர்சியின் ரதர்ஃபோர்டில். பைபிளை இலவசமாக வினியோகிக்கும் கிடியன் என்ற கிறிஸ்தவ அமைப்பு தரும் பிரதிகளைப் பள்ளி வழியாகவே மாணவர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு. கட்டாயமில்லை, பெற்றோர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. ஆனாலும் ஒரு யூதப் பெற்றோரும் ஒரு கத்தோலிக்கப் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வேறுபாடுதான். சீட்டில் கையெழுத்து வாங்கி வராத பிள்ளை யார் என்பது வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். நூலகத்தில் ஒரு தட்டைக் கடந்து போகிற பிள்ளையை யாரும் கணக்கெடுப்பதில்லை.

அதற்காக நூலகத் தட்டு எப்போதும் நடுநிலையானது என்று சொல்லவில்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் முறைகளில் பள்ளி நூலகங்களில் பரவலாக இருப்பது டூயி வகைப்பாடு. அதில் மதத்துக்கு 200 முதல் 299 வரை. அந்த நூறில் 220 முதல் 289 வரை வழக்கமாகக் கிறிஸ்தவத்துக்கே போய்விட்டது. இந்தியாவில் தோன்றிய மதங்கள் எல்லாம் 294க்குள், இஸ்லாம் 297. நாத்திகத்துக்கும் 211.8 என்று ஓர் எண் உண்டு, அதுவும் மதத்துக்குள்ளேயே! ஆகவே ஒரு வேதநூல் இருக்கிறதா என்பதைவிட, பக்கத்தில் வேறு எவை இருக்கின்றன, அவற்றை விமர்சிக்கும் நூல் ஒன்றாவது உண்டா என்று பார்ப்பேன். யாராவது இலவசமாக ஒரே நூலைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினால், தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும் உரிமை நூலகருக்கு வேண்டும்.

அப்புறம், வழிபாட்டுத் தலத்தில் வாங்கிக்கொள்ளலாமே என்கிறீர்கள். தன் மதத்தின் நூலைப் பிள்ளை அங்கே வாங்கிக்கொள்ளும். பக்கத்து இருக்கைப் பிள்ளையின் வேதத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், வீட்டுக்குத் தெரியாமல் அது எங்கே போகும்?

அன்புடன்