“பாருங்க” என்று சொன்னதற்கு நான்கு மணி நேரக் கூலியா?

கேள்வி: சீசன் தொடங்கும் முன் என் ஸ்னோமொபைலை (பனியில் ஓட்டும் வண்டி) டீலரிடம் சர்வீஸுக்கு விட்டேன். செயின் கேஸ் (செயின் ஓடும் மூடிய பெட்டி) ஆயில் மாற்றி, செயின் இறுக்கம் சரிபார்த்து, கிளட்ச் சுத்தம் செய்து, பெல்ட்டைப் பரிசோதிக்க வேண்டும். நான் சொன்னது அவ்வளவுதான். செயின் கேஸ் வேலைக்கு ஒரு மணி நேரம், கிளட்ச்-பெல்ட் வேலைக்கு ஒன்றரை, ஆக இரண்டரை மணி நேரக் கூலி என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது. “டிரைவ் ஷாஃப்ட் பேரிங்கில் ஆட்டம் தெரிகிறது, பார்க்கட்டுமா?” என்றார்கள். (வண்டியை நகர்த்தும் பட்டையைச் சுழற்றும் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட்.) “பாருங்க” என்றேன். எடுக்கப் போனால் பில்லில் ஆறரை மணி நேரக் கூலி, பேரிங், புது பெல்ட், போதாததற்கு ‘ஷாப் சப்ளைஸ்’ (பட்டறையின் சில்லறைப் பொருட்கள்) என்று சதவீதக் கணக்கில் தனியாக ஒரு கட்டணம். பழைய பாகங்களைக் கேட்டால் எறிந்துவிட்டோம் என்கிறார்கள். இங்கே செய்யாவிட்டால் வாரன்டி போய்விடும் என்றும் சொன்னார்கள். பணம் கட்டாமல் வண்டி தரமாட்டோம் என்றதால் கட்டிவிட்டு, அன்றிரவே ஆட்சேபித்து மின்னஞ்சல் அனுப்பினேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஒரு பகுதி கிடைக்கும். முழுவதும் கிடைக்கும் என்று சொல்லி உங்களை வழக்குக்கு இழுக்க எனக்கு விருப்பமில்லை.

முதலில் அந்த “பாருங்க”. நம் மொழியில் இது பொல்லாத சொல். ஆராய்ந்து பாருங்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், வேலையைப் பார்த்து முடியுங்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். டீலர் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் எத்தனை மணி நேரம் ஆகும், பாகம் என்ன விலை என்று அந்த போனில் அவர் சொன்னாரா? சொல்லவில்லை என்றால், விலை தெரியாத வேலைக்கு ஒருவர் ஒற்றை வார்த்தையில் கணக்கில்லாமல் சம்மதித்தார் என்று நீதிபதியை நம்ப வைப்பது அவருக்குச் சுலபமில்லை. அந்த உரையாடல் எந்த மொழியில் நடந்தது, எந்த வார்த்தைகளில் கேட்டார்கள் என்பதை நினைவு மங்குவதற்குள் இன்றே எழுதி வையுங்கள். தேதியும் நேரமும் போனிலேயே பதிவாகியிருக்கும்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. மதிப்பீட்டை மீறும் விஷயத்தில் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், சில பனி நாடுகளின் நிலையைச் சொல்கிறேன். கனடாவின் ஒன்டாரியோவில் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால் அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி வசூலிக்கக் கூடாது. ஸ்வீடன், நார்வே இரண்டிலும், உத்தேசமாகச் சொன்ன விலைக்கு மேல் 15 சதவீதம்தான் பொதுவான எல்லை. இங்கே ஒரு எச்சரிக்கை. கூடுதல் வேலைக்கு நீங்கள் தனியாகச் சம்மதித்திருந்தால் அது புதிய ஒப்பந்தம், அதற்கு இந்த எல்லை அப்படியே பொருந்தாது. அதனால்தான் அந்த போன் உரையாடலை இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன். இன்னொன்று, ஒன்டாரியோவின் அந்தச் சட்டத்திலேயே வாகனப் பழுதுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்குள்ள போக்குவரத்துச் சட்டம் ‘மோட்டார் வாகனம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஸ்னோமொபைல் சேராது. காருக்கு உள்ள உரிமை எல்லாம் ஸ்னோமொபைலுக்கும் உண்டு என்று நினைத்துக் கடிதம் எழுதிவிட்டு மூக்குடைபட்டவர்கள் இருக்கிறார்கள். பொதுவான பிரிவுகளையே பிடியுங்கள்.

சரி, பில்லுக்கு வருவோம். உங்கள் பலமான ஆயுதம் அதிலேயே இருக்கிறது. டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டுமானால் செயின் கேஸைத் திறந்து, ஆயிலை வடித்து, செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் (செயின் ஓடும் பல்சக்கரம்) எடுத்தாக வேண்டும். திரும்பப் பூட்டும்போது புது ஆயில் ஊற்றிச் செயின் இறுக்கத்தைச் சரி செய்தாக வேண்டும். அதாவது நீங்கள் முதலில் கேட்ட வேலை, பேரிங் வேலையின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. பேரிங்குக்கு நான்கு மணி நேரம் போட்ட பிறகு, செயின் கேஸ் ஆயிலுக்குத் தனியாக ஒரு மணி நேரமும் போட்டிருந்தால், ஒரே மூடியை இரண்டு தடவை திறந்ததாகக் கணக்கு. மெக்கானிக்குகளுக்கு இது தெரியும். கம்பெனிகள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிர்ணய நேரம் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலைக் காட்டுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எந்தப் பக்கத்து பேரிங் என்றும் கேளுங்கள். செயின் கேஸுக்கு எதிர்ப்பக்கத்து பேரிங் மட்டும் என்றால், பல மாடல்களில் முழு ஷாஃப்ட்டையும் இறக்காமலே மாற்றிவிடலாம். அப்போது நான்கு மணி நேரம் எப்படி வந்தது என்று அவர்தான் விளக்க வேண்டும்.

பெல்ட் வேறு கதை. பரிசோதிக்கத்தான் சொன்னீர்கள், மாற்றச் சொல்லவில்லை. ஆகவே அனுமதி இல்லாத வேலை என்று சொல்லலாம். தேய்ந்த பெல்ட் என்றால் அகலம் குறைந்திருக்கும், பக்கவாட்டில் கண்ணாடி போல மினுங்கும், பற்கள் உதிர்ந்திருக்கும். எந்த அகலத்துக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்று கையேட்டிலேயே பார்க்கலாம். பழைய பெல்ட்டை எறிந்துவிட்டதால் இதையெல்லாம் காட்ட அவரிடமும் ஒன்றுமில்லை. ஆனாலும் புது பெல்ட் உங்கள் வண்டியில்தான் ஓடப்போகிறது. அதன் பயனை அனுபவித்துக்கொண்டு முழு விலையையும் திருப்பிக் கேட்டால் நீதிபதி முகம் சுளிப்பார். என்னைக் கேட்டால் பெல்ட் விலையை விட்டுக்கொடுத்து, இரட்டைக் கூலியைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். ‘ஷாப் சப்ளைஸ்’ மதிப்பீட்டில் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையும் கேளுங்கள்.

வாரன்டி மிரட்டலை லேசாக விடாதீர்கள். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரன்டி சட்டம், பணம் கொடுத்துச் செய்யும் சாதாரணப் பராமரிப்பைக் குறிப்பிட்ட டீலரிடம்தான் செய்ய வேண்டும் என்று வாரன்டியோடு முடிச்சுப் போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. வேறு நாடுகளிலும், தவறான தகவல் சொல்லி வாங்கிய சம்மதம் பலமான சம்மதம் ஆகாது. ஆனால் அந்தப் பேச்சு எப்போது நடந்தது? போனில் சொல்லியிருந்தால் உங்களுக்குச் சாதகம். பில் கொடுக்கும்போதுதான் சொன்னார்கள் என்றால் அதைக் கேட்டு நீங்கள் எதற்கும் சம்மதிக்கவில்லை, ஆகவே பெரிய பயன் இல்லை.

வண்டியைப் பிடித்து வைத்தது அநியாயமாகத் தோன்றும். ஆனால் செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை பழுதுபார்ப்பவருக்குப் பல நாடுகளில் உண்டு. ஒன்டாரியோ போன்ற இடங்களில் தகராறில் உள்ள தொகையை நீதிமன்றத்தில் கட்டி வண்டியை மீட்கவும் வழி இருக்கிறது. நீங்கள் நேராகக் கட்டிவிட்டீர்கள், பரவாயில்லை. அன்றிரவே ஆட்சேபம் எழுதியதால் மனமார ஒத்துக்கொண்டு கட்டியதாக யாரும் சொல்ல முடியாது. நஷ்டம் வேறு இடத்தில். கட்டாமல் இருந்திருந்தால் அவர் நிரூபிக்க வேண்டியிருக்கும், இப்போது திரும்பக் கேட்பவர் நீங்கள் என்பதால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

அதனால் கடிதம் எழுதும் முன் ஒன்று செய்யுங்கள். வண்டியை ஓட்டாமல், அந்த டீலரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், பேரிங் உண்மையிலேயே புதியதா, ஆயில் மாற்றியிருக்கிறார்களா, பெல்ட்டில் உள்ள பாக எண் பில்லோடு பொருந்துகிறதா என்று பார்த்து, படங்களோடு எழுதி வாங்குங்கள். இந்தத் தடவை ‘பாருங்க’ என்று சொல்லாதீர்கள், ஆய்வு மட்டும் என்று வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும், திருப்பித் தர வேண்டிய தொகையை வரி வரியாகக் கணக்குப் போட்டு, 14 நாள் கெடு வைத்து டீலருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பு, அப்புறம் சிறு வழக்கு நீதிமன்றம். அறிக்கை வருவதற்குள் நீங்கள் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டால், தேய்மானமெல்லாம் உங்களால் வந்தது என்று டீலர் தரப்பு வக்கீல் சொல்வார். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்வேன்.