‘உனக்குத்தான் அம்மை வந்துவிட்டதே!’ – கருத்தரிக்கும் முன் தடுப்பூசி தேவையா?

கேள்வி: எனக்கு 29 வயது. சில மாதங்களில் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றிருக்கிறோம். சிறுவயதுத் தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது. “உனக்கு அம்மை வந்து போயாச்சு, இனி ஊசி எதற்கு?” என்கிறார் அம்மா. நான் எதுவும் போட வேண்டியதில்லையா?

பதில்: அம்மாவிடம் கேளுங்கள், வந்தது எந்த அம்மை? நம் பேச்சில் சின்னம்மை, தட்டம்மை எல்லாமே ‘அம்மை’தான். நீர்க்கொப்புளம் எழும்பி, பொருக்குத் தட்டி உதிர்ந்தது என்றால் பெரும்பாலும் சின்னம்மை. ஆனால் இப்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது ரூபெல்லா எனும் ஜெர்மன் தட்டம்மை. லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, அவ்வளவுதான். பலருக்கு அதுகூடத் தெரியாது. எனவே இதில் யாருடைய ஞாபகமும் உதவாது.

தாய்க்கு இவ்வளவு சாதாரணமான இந்த நோய் கருவை விட்டுவைப்பதில்லை. 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்தபோதுதான் கர்ப்பத்தின் தொடக்கத்தில் அவர்களுக்கு ரூபெல்லா வந்திருந்தது தெரிந்தது. முதல் 12 வாரங்களில் தொற்றினால் கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். கருச்சிதைவும் ஆகலாம்.

ரூபெல்லா ஐஜிஜி என்றொரு ரத்தப் பரிசோதனை உண்டு. அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்று பார்த்ததும் பதறிப்போய் வருகிறவர்கள் பலர். பதற்றமே வேண்டாம், ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் உங்களிடம் எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று பொருள். நெகட்டிவ் என்றால்தான் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி தேவை. பரிசோதிக்காமலே போட்டுக்கொண்டாலும் தவறில்லை. ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி உள்ளவருக்கு அது கெடுதல் செய்யாது.

எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசி இரண்டுமே உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் ஆனவை. கர்ப்பத்தில் போடக்கூடாது, போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். சின்னம்மை வராதவருக்கு அந்த ஊசி இரண்டு தவணை, இடையே குறைந்தது நான்கு வாரம். கடைசி ஊசிக்குப் பின் ஒரு மாதம் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மாதமாவது ஆகிவிடும். ஆகவே கருத்தடையை நிறுத்தும் முன்பே தொடங்கிவிடுங்கள். எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசி இரண்டையும் ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் நான்கு வார இடைவெளி விடுங்கள். கணவர் போட்டுக்கொண்டால் இந்தக் காத்திருப்பு கிடையாது.

சரி, ஊசி போட்ட அந்த மாதமே கரு தங்கிவிட்டால்? மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆனால் கலைக்க வேண்டியதில்லை. அப்படிப் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில் தடுப்பூசியால் பிறவி ரூபெல்லா பாதிப்பு வந்ததாகக் காணப்படவில்லை.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்று இருக்கிறதா என்று முதலில் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். தாய்க்குத் தொற்று இருந்தால் பிரசவத்தின்போது குழந்தைக்குப் போகும். முன்பே தெரிந்தால் பிறந்தவுடன் தடுத்துவிடலாம். தொற்றும் எதிர்ப்பு சக்தியும் இல்லாதவருக்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. நடுவில் கர்ப்பமானாலும் தொடரலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி அப்படியல்ல, மீதித் தவணையைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளூ ஊசியைக் கர்ப்பத்தில் எப்போது வேண்டுமானாலும் போடலாம். கக்குவான் இருமலுக்கான டிடாப் கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் போடுவது, இப்போது அவசரமில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சமீபத்தில் ரத்தம் ஏற்றினார்களா என்பதை ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், புதிதாகத் தரும் அட்டையை அன்றைக்கே கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.